என் அறிவுக்கு எட்டியவரை

விவாகரத்து மனுவும் ஒரு இலக்கிய வகைதான். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதற்கு உருவம் இருக்கிறது, மரபு இருக்கிறது, கைபட்டுத் தேய்ந்த வாக்கியங்களும் இருக்கின்றன. முதலில் இரு தரப்பாரின் வயது, விலாசம். அடுத்து கல்யாணத் தேதி, மண்டபம், எந்த முறைப்படி நடந்தது என்ற விவரம். பிறகு எங்கே குடித்தனம், குழந்தைகள் உண்டா. அதன்பின் தேதி வரிசையில் குற்றங்கள். கடைசியில் எல்லாவற்றையும் தாங்குகிற ஒரு வரி: மேலே கண்டவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை. அதன் கீழே மனுதாரரின் கையெழுத்து.

வாக்கியங்கள் வக்கீலுடையவை. சத்தியம் மட்டும் நம்முடையது. இந்தப் பிளவு ஒரு அறப் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் அவளுடைய அப்பாவுக்குப் பழக்கமானவர், நல்ல மனிதர். அவள் சொன்னாள்: "அவர் கெட்டவர் இல்லை மாமா. எங்களால சேர்ந்து இருக்க முடியலை, அவ்வளவுதான்." வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முடியலைங்கறதுக்கு செக்ஷன் இல்லையேம்மா. அவர் கையெழுத்துப் போடமாட்டேங்கறார். அப்போ அவர் என்ன பண்ணார்னு நீதான் சொல்லணும்" என்றார். அவள் சொன்னாள். மாதக் கணக்கில் நீடித்த மௌனங்கள், உறவினர் முன்னால் ஒரு வார்த்தை, ஒரு நாள் வெளியே பூட்டப்பட்ட கதவு. பத்து நாள் கழித்து டைப் செய்து வந்த மனுவை இரண்டு தடவை வாசித்தாள். "இதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா இது அவர் இல்லை" என்றாள்.

பொய்யில்லாத வாக்கியங்களால் ஒரு பொய்யான மனிதனை உருவாக்கிவிட முடியும். விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு நாவலிலிருந்து ஆறு வரிகளைப் பிய்த்தெடுத்து ஆசிரியனைத் தூக்கிலிடுவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே தண்டனை ஒரு புத்தகத்துக்கு. இங்கே ஒரு மனிதனுக்கு, அவனுடைய குழந்தை பின்னாளில் வாசிக்கக்கூடிய ஒரு காகிதத்தில்.

இந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வருகிறது? 1955இன் இந்து திருமணச் சட்டத்துக்கு ஆறு ஆண்டு முன்பே, 1949இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதற்கும் முன்னால் விவாகரத்தே கிடையாது என்பது சில தெருக்களின் ஞாபகம் மட்டுமே. காவிரியின் இரு கரையிலும் தீர்த்துவிடுவதும் அறுத்துக் கட்டுவதும் வழக்கமாயிருந்த ஜாதிகள் பல. 1955இன் சட்டமே தன் 29வது பிரிவில் அந்த வழக்கங்களைக் காப்பாற்றி வைத்தது. பஞ்சாயத்துக்குப் பெரும்பாலும் வேண்டியிருந்தது தீர்வு. கோர்ட்டுக்கு வேண்டியிருப்பது காரணம். காரணம் என்றால் குற்றம், குற்றம் என்றால் குற்றவாளி. கொடுமை விவாகரத்துக்கே காரணமானது 1976இன் திருத்தத்தில்தான். அதுவரை பிரிந்து வாழ மட்டுமே அது போதும்.

இதில் இன்னொரு கொடூரம் இருக்கிறது. கொடுமையை மன்னித்துவிட்டவர் அதைக் காரணம் காட்ட முடியாது. 23வது பிரிவு அதைத் தடுக்கிறது. 1975இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த தாஸ்தானே வழக்கில், மனைவியின் நடத்தை கொடுமைதான் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் கணவன் அதற்குப் பின்னும் தாம்பத்யம் நடத்தினான், ஆகவே மன்னித்துவிட்டான் என்று சொல்லி அவன் கேட்டதை மறுத்தார்கள். சட்டத்தின் தர்க்கத்தில் தவறில்லை. ஆனால் அதன் விளைவை யோசித்துப் பாருங்கள். எந்த தாம்பத்யமும் தினசரிச் சில்லறை மன்னிப்புகளில்தான் நடக்கிறது. மனுதாரர் ஆகிறவர் அந்த மன்னிப்புகளை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கியாக வேண்டும். தான் இரக்கம் காட்டிய நாட்களை மறக்கவேண்டும். மனு எழுதுவது ஞாபகத்துக்குக் கொடுக்கப்படும் ஒரு பயிற்சி.

மில்டன் 1643இல் விவாகரத்து பற்றி எழுதிய பிரசுரத்தில், சோரத்தைவிட ஆழமான காரணம் இரு மனங்கள் ஒவ்வாமல் போவதே என்று வாதித்தான். மணமான சில வாரங்களிலேயே அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். தன் கதையை அவன் அதில் சொல்லவில்லை, அவளைக் குற்றம் சாட்டவும் இல்லை. 1645இல் அவள் திரும்பி வந்தாள். குற்றப்பத்திரிகை எழுதியிருந்தால் அந்த வாசல் திறந்திருக்குமா? மில்டனின் தேசத்துச் சட்டம் குற்றத்தை அடியோடு கைவிட்டது 2022 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தின் லட்சணம் ஈவ்லின் வாவின் 1934ஆம் வருஷத்து நாவல் ஒன்றில் இருக்கிறது: விவாகரத்துக்குச் சாட்சியம் வேண்டி, ஒழுங்கான கணவன் ஒருவன் பிரைட்டன் ஹோட்டலுக்குக் கூலிக்கு ஒரு பெண்ணைக் கூட்டிப்போகிறான். சட்டம் குற்றம் கேட்டால் குற்றம் தயாரித்துத் தரப்படும்.

நம்மிடமும் 1976இல் 13பி என்ற பிரிவு வந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தோம், சேர்ந்து வாழ இயலவில்லை, பிரியச் சம்மதிக்கிறோம். இந்த மூன்று வாக்கியங்கள் போதும். பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதையும் தளர்த்தலாம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நான் வங்கிக்காரன். கூட்டுக் கணக்கை முடிக்க வருகிற தம்பதியிடம் இரண்டு கையெழுத்து கேட்போம், காரணம் கேட்கமாட்டோம். அந்த மரியாதை இந்தப் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒரு கையெழுத்து இல்லையென்றால் கணக்கு அப்படியே நிற்கும். சேர்ந்து வாழ மறுப்பவரிடம் ஒரு கதவும், விட மறுப்பவரிடம் அதன் சாவியும் இருக்கிறது. மீளமுடியாத முறிவையே காரணமாக்கலாம் என்று சட்டக் கமிஷன் 1978இலேயே சொல்லியும் பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. 2023இல் அரசியல் சாசன அமர்வு, ஒருவர் எதிர்த்தாலும் முறிந்த மணத்தைக் கலைக்கலாம் என்றது. ஆனால் அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும். திருச்சிக் குடும்பநல நீதிமன்றத்துக்கு அது இல்லை.

மௌனம்தான் நாகரிகம் என்று முடித்துவிட எனக்குத் துணிச்சல் இல்லை. அடிபட்டவள், நகையை இழந்தவள், வரதட்சணைக்காக வதைக்கப்பட்டவள் இருக்கிறாள். அவளிடம் "ஒன்றும் எழுதவேண்டாம், கையெழுத்துப் போடு, கௌரவமாக முடித்துக்கொள்ளலாம்" என்கிற குரல் பெரும்பாலும் அடித்தவன் தரப்பிலிருந்துதான் வருகிறது. சொல்ல விரும்புகிறவர்மேல் சுமத்தப்படும் மௌனமும் ஒரு பொய்தான். ஆகவே பிரச்சினை சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்பதல்ல. நாம் சத்தியம் செய்யும் சொற்கள் நமக்குச் சொந்தமா என்பது.

இவ்வூரில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பங்குனியில் நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு திரும்புகிறார். ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். மட்டையடி நடக்கிறது. இரு தரப்பு வாதங்களும் ஊரறிய வாசிக்கப்படுகின்றன. நம்மாழ்வார் சமாதானம் செய்கிறார், சேர்த்தி நடக்கிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த சண்டை என்று இதை ஒதுக்கிவிடலாம். மனிதச் சண்டைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அங்கே எவர் தரப்பையும் வேறு யாரோதான் பேசுகிறார்கள், ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே நிற்கிறார். மருதத் திணையிலும் பாணன் தலைவனுக்காகத்தான் வாயிலாக வருகிறான். தலைவி அவன் பேச்சைப் பொய்யென்று மறுக்கிறாள். இரவல் வாய் நமக்குப் புதிதல்ல. அதை மறுக்கும் உரிமையும் புதிதல்ல.

குடும்பநல நீதிமன்றங்களுக்கான 1984ஆம் வருஷச் சட்டம், வக்கீல் வைத்துக்கொள்வதை ஒரு உரிமையாகத் தரவில்லை. தம்பதிகள் தம் வாயால் பேசவேண்டும் என்பது நோக்கமாயிருக்கலாம். நடப்பில் வக்கீல் இல்லாமல் வாய்தா தேதியைக்கூடப் புரிந்துகொள்வது கஷ்டம். ஆக, அவர் வேண்டும். உள்ளூர்க்காரராக, இரண்டு குடும்பத்தையும் அறிந்தவராக இருந்தால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அவரிடம் எதிர்பார்க்கவேண்டியது கருணை அல்ல, மொழிபெயர்ப்பாளனின் நேர்மை. ஒவ்வொரு பாராவையும் கட்சிக்காரருக்கு உரக்க வாசித்துக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இதை அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அவர் முகத்தைப் பார்த்து, உங்களால் வாசிக்க முடியுமா? முடியும் என்றால் அது எவ்வளவு கடுமையானதாயிருந்தாலும் இருக்கட்டும். முடியாது என்றால் அந்த வரி, நடந்ததே ஆனாலும், நம்முடையதல்ல.

இந்தச் சோதனையில் தேறும் மனு சிறியதாக இருக்கும். கோர்ட்டில் அது தோற்கவும் கூடும். அந்த அபாயத்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு அதிகாரமில்லை. ஜெயிப்பதற்காக அதிகம் எழுதுகிறவரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவரை அங்கே தள்ளியது சட்டம். ஆனால் தீர்ப்பு வந்தபின் கோர்ட் அந்தக் காகிதத்தை மறந்துவிடும். எழுதிய வக்கீலும் மறந்துவிடுவார். பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஒருவரை அந்த வாக்கியங்களின் வழியாகவே பிற்பாடு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறவர் கையெழுத்துப் போட்டவர்தான்.