வழி சமைத்தலும் கைங்கர்யமே

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமானுக்குச் செய்யும் தொண்டைக் கைங்கர்யம் என்கிறோம். திருவிளக்கு, திருமாலை, திருமடைப்பள்ளி ஆகியவற்றோடு அது முடிந்துவிடுவதன்று. அடியார்கள் நடக்கும் வழியைச் செப்பனிடுவதும் அதில் அடங்கும்.

ஸ்ரீமத் ராமாயணத்தில் அயோத்யா காண்டத்தை நோக்குங்கள். ராமபிரானை மீட்டுவரப் பரதாழ்வான் புறப்படுமுன், வழியமைப்போர் முன்னே சென்றனர். நிலத்தின் இயல்பறிந்தோர், நூலிட்டு அளப்போர், மண் வெட்டுவோர், தச்சர் எனப் பலரும் கூடிக் கங்கைக்கரை வரை வழி சமைத்தனர். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவினர்; ஓடைகளில் பாலமிட்டனர்; நீரற்ற இடத்தில் கிணறு தோண்டினர்; நிழலற்ற இடத்தில் மரம் நட்டனர். இவற்றையெல்லாம் வால்மீகி பகவான் விரித்துரைக்கிறார். ராமபிரான் அப்போது திரும்பவில்லை, திருப்பாதுகைகளே எழுந்தருளின. அவை எழுந்தருளிய வழியைச் சமைத்தவர்கள் மண் சுமந்த எளியோர் அன்றோ?

திருவரங்கத்தில் திருமங்கையாழ்வார் மதில் எழுப்பியபோது, தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனத்திற்கு ஊறு நேராதபடி விலக்கிக் கட்டினார் என்பர் பெரியோர். பொதுப்பணியிலும் பிறர் உழைப்பு அழியலாகாது என்பது இதன் தாத்பர்யம்.

நம் தருமபுரி மாவட்டத்தில் மலையூர்கள் பல. 2021ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலின்போது, பென்னாகரம் பகுதிக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் மீது ஏற்றிச் செல்லப்பட்டன. இயந்திரத்தைக் கழுதை சுமக்கும். பேறுகால வேதனையில் துடிக்கும் தாயை எது சுமக்கும்?

'அரசு செய்யட்டும்' என்று வாளாவிருத்தல் நம் மரபன்று. ஏரியையும் வாய்க்காலையும் ஊராரே கூடிச் செப்பனிட்டது குடிமராமத்து. 1997-98இல் தமிழக அரசு தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்திலும், ஊர்ப் பணிக்கு மக்கள் ஒரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசு தரும் என்பதே ஏற்பாடு. கேட்க வேண்டியதைக் கேட்பதும் நம் கடமை. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதும் நம் கடமை.

பொருளுடையோர் பொருளும், நிலமுடையோர் ஓரடி நிலமும், ஏதுமில்லாதோர் ஒருநாள் உழைப்பும் ஈயலாம். மூன்றும் எம்பெருமான் திருமுன்பு சமமே. தேர்வடம் பிடித்த கை, ஊர் திரும்பியதும் வரப்பைத் தள்ளிப் பொதுவழியைச் சுருக்கலாகாது. உடையவர் 'திருக்குலத்தார்' என்று திருநாமம் சூட்டிப் போற்றியோரின் குடியிருப்பை எட்டாமல் பாதியில் நின்றுவிடும் பாதை, வைஷ்ணவன் அமைத்த பாதை ஆகாது.

திருத்தேர் நிலைக்கு வந்தபின் அவரவர் ஊரில் இக்கைங்கர்யம் தொடங்குக. எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாகுக.

சுபம்.