இன்ஜின் போன வண்டி

குறையை மறைத்து விற்பவனிடம் ஏமாறுவது உலக வழக்கம். ஆனால் குறையைத் தானாகவே சொல்லி விற்பவனிடமும் ஏமாறுவதற்கு இடமுண்டு என்பது, பல வருஷங்கள் வக்கீல் குமாஸ்தாவாக ஜீவனம் நடத்திய எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் விளங்கிற்று.

மும்பை தாராவியில் பழைய பிளாஸ்டிக்கை வாங்கித் தரம் பிரித்து விற்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், எனக்குத் தம்பி முறையாக வேண்டியவர், மாதுங்காவில் என் வீட்டுக்கு வந்து, வடாலாவில் பழைய டாட்டா 407 ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், ஓடுகிற வண்டியின் விலையில் பாதிக்கே அது கிடைக்கும் என்றும் சொன்னார். 1986-இல் முதன்முதலாகச் சாலைக்கு வந்த அந்த ரகம், சிறு வியாபாரிகள் பலருக்கு ஜீவாதாரமாக இருப்பது. “அண்ணாச்சி, இன்ஜின் போயிட்டுன்னு விக்கிறவரே சொல்லிட்டாரு. மறைக்கிற ஆளு இல்ல” என்றார் தம்பி. அந்த ஒரு வாக்குமூலத்திலேயே அவர் மனம் பாதி சாய்ந்துவிட்டிருந்தது.

மறைப்பது என்றதும் எனக்குச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில், மோசடி இன்னதென்று விளக்குமிடத்தில், ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரை என்று அறிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாய் திறக்கவில்லை, அது மோசடியாகாது என்கிறது சட்டம். வாங்குபவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவன் சொந்த மகளாக இருந்தால், அவளிடம் உண்மையைச் சொல்வது அவன் கடமையாகிறது. அந்நியனாகவே இருந்தாலும், “நீர் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறதென்றே நான் எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவன் சொல்லி, விற்பவன் அப்போதும் மௌனம் சாதித்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் இதை எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றும்: பெற்ற தகப்பனிடம் கேட்க வேண்டியதில்லை, மற்றவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எதைக் கேட்பது என்பதைச் செம்பூரில் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரி சொல்லிக் கொடுத்தார். “இன்ஜின் போச்சுன்னு சொல்றது பெரிசில்ல சார். எப்படிப் போச்சுன்னு சொல்றாரா, அதைப் பாருங்க” என்றார். பல காலம் ஓடி ஓடி ரிங்கும் லைனரும் தேய்ந்து, நீலப் புகை கக்கி, ஆயில் குடிக்கிற இன்ஜின், வயோதிகத்தால் தளர்ந்த இன்ஜின். அதை இறக்கிப் பிஸ்டன், ரிங், லைனர் மாற்றினால் இன்னும் சில காலம் உழைக்கும். தண்ணீரில்லாமல் சூடேறிப் போன இன்ஜினில் ஹெட் வளைந்திருக்கலாம், பிளாக்கே வெடித்திருக்கலாம். ஆயில் இல்லாமல் ஓடிப் பிடித்துக்கொண்டதோ கிராங்க்கையே கடித்திருக்கும். கிராங்க்கைக் கடைசல் பிடித்து அதற்கேற்ற பேரிங் போடலாம் என்றாலும், எத்தனை முறை கடைவது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெளியே பார்வைக்கு மூன்றும் ஒன்றே, ‘இன்ஜின் போன வண்டி’தான், பட்டறைச் செலவில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு குறையை ஒப்புக்கொண்டவனிடம் அடுத்த கேள்வியைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் கூசுவதுதான், விற்பவனுக்கு எவ்வளவு அனுகூலம்!

மிஸ்திரியும் நாங்களுமாக வடாலாவுக்குப் போய், தேய்ந்து போனதா, சூடேறிப் போனதா, ஆயில் இல்லாமல் பிடித்துக்கொண்டதா என்று கேட்டோம். டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறான், அவனுக்குத்தான் தெரியும் என்று பதில் வந்தது. அதற்குமேல் அங்கே விசாரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தம்பிக்கு மனம் ஆறவில்லை. குர்லாவில் சி.எஸ்.டி. ரோடு நெடுகப் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே கழற்றி வைத்த இன்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்றார். போடலாம், ஆனால் ஒரு தெரியாத இன்ஜினுக்குப் பதில் இன்னொரு தெரியாத இன்ஜின். தவிர, வண்டியின் விலைக்கே மனைவியின் நகைகளை அடகு வைக்க உத்தேசித்திருந்த மனிதர் அவர். பட்டறையில் வண்டி நிற்கும் நாளெல்லாம் இப்போது சரக்கேற்றும் வாடகை டெம்போவுக்கும் கொடுத்து, அடகுக் கடைக்கு வட்டியும் கட்ட வேண்டும். எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டியாதலால் வருஷந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வேறு. கையில் உபரிப் பணமும், வண்டி நின்றாலும் பசியாறுகிற குடும்பமும், நம்பத்தக்க மிஸ்திரியும் உள்ளவனுக்கு இத்தகைய வண்டி லாபமாகவே முடியக்கூடும். கடைசி நகையைக் கொண்டு வருகிறவனுக்கு அது ஆகாது. வேண்டாம் என்றேன். இரண்டு நாள் தம்பி என்னோடு பேசவில்லை. பிறகு அதே வாடகை டெம்போவில் சரக்கேற்றப் போய்விட்டார்.

இந்நகரில் பழைய வண்டி தேடும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும் வேளையில் போங்கள், ஆர்.சி.யில் கடன் குறிப்பு உண்டா என்று பாருங்கள். இன்ஜின் போன வண்டியானால், எப்படிப் போயிற்று என்று மிஸ்திரியின் முன்னிலையில், கூசாமல், உரக்கக் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.