குறையுள்ள கண்ணாடியும் காண்பவனும்

புகைப்படக் கலையில் பொழுதுபோக்காக ஈடுபட்டவர்கள் இருவர் சந்தித்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கால்மணி நேரத்துக்குள் அது லென்ஸின் விலையில் வந்து நிற்பதும், அப்படி நின்றபின் இருவரில் ஒருவர், கருவியில் என்ன இருக்கிறது, எல்லாம் கண்ணில்தானே இருக்கிறது என்று வேதாந்தமாக ஒன்றைச் சொல்லி முடித்துவைப்பதும் வழக்கம். லட்ச ரூபாய்க்குமேல் கொடுத்து லென்ஸ் வாங்கியவரும் இதைச் சொல்லுகிறார். பழைய சாமான் கடையில் சில ஆயிரத்துக்குப் பேரம் பேசி வாங்கியவரும் சொல்லுகிறார். முன்னவர் வாயில் அது விநயமாகவும் பின்னவர் வாயில் ஆறுதலாகவும் ஒலிக்கிறதே தவிர, அது உண்மைதானா என்ற விசாரணையில் இருவருமே இறங்குவதில்லை. கண்ணும் ஒரு கருவிதான் அல்லவா? கருவியில் ஒன்றுமில்லையென்றால் கண்ணில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது? மலிவான லென்ஸுகளோடு நெடுநாள் பழகியவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு இந்தக் கேள்வியைச் சற்றுத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஹீலியாஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸைப் புகைப்படக்காரர்கள் பலர் அறிவார்கள். ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஜைஸ் தொழிற்சாலை வகுத்த பயோட்டார் என்ற அமைப்பை ஒட்டி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சோவியத் நாட்டில் உருவான வம்சம் அது. ஜெனித் காமிராக்களோடு சேர்ந்து லட்சக்கணக்கில் வெளிவந்ததால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. 58 மில்லிமீட்டர் குவிதூரம். நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு. நடுவே ஓர் அடாப்டர் வளையத்தைப் பொருத்தி இக்காலத்து டிஜிட்டல் காமிராவில் மாட்டிவிடலாம். தானாகப் போகஸ் செய்யும் சாமர்த்தியம் அதற்குக் கிடையாது. கெட்டிப்பட்டுப்போன பழைய கிரீஸின் எதிர்ப்பை விரல்களில் உணர்ந்தவாறு வளையத்தைத் திருப்பவேண்டும். துவாரத்தின் அளவை ஒரு வளையத்தால் நிச்சயித்துக்கொண்டு, படமெடுக்கும் சமயத்தில் இன்னொரு வளையத்தால் மூடவேண்டும்.

வேப்பமரம் சற்றுப் பின்னால் இருக்கும்படி வீட்டுப் பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து, இந்த லென்ஸின் துவாரத்தை முழுவதும் திறந்து ஒரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும். பாட்டியின் இமைமயிரும் மூக்குத்தியின் ஓரமும் தெளிவாக விழுந்திருக்க, பின்னாலுள்ள வேப்பிலைகளும் அவற்றின் ஊடே வந்த ஒளிப்புள்ளிகளும் அவள் தலையை மையமாகக் கொண்டு சுழன்றுகொண்டிருப்பதைப் போலத் தோன்றும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. போகஸுக்கு வெளியே உள்ள ஒளிப்புள்ளி ஒவ்வொன்றும் வட்டமாக விரிகிறது. படத்தின் ஓரங்களுக்குச் சாய்வாக வரும் ஒளியை லென்ஸுக் குழாயின் விளிம்புகள் இருபுறமும் வெட்டிவிடுவதால், நடுவில் வட்டமாக இருக்கும் புள்ளி ஓரத்துக்குப் போகப்போகப் பாதாம்பருப்பின் வடிவாக ஒடுங்கி, மையத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்கிறது. துவாரத்தை 5.6 வரை மூடினால் ஒளியின் எல்லையைத் துவாரமே நிர்ணயித்துவிடுகிறபடியால், சுழல் ஏறக்குறைய நின்றுபோகும். நிபுணர்கள் இதைக் குறை என்கிறார்கள். இந்தக் குறைக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எது எப்படியாயினும், வேப்பிலை சுழலவில்லை என்பது படமெடுத்தவனுக்குத் தெரியும். சுழல் மரத்தைச் சேர்ந்ததன்று, கண்ணாடியைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதற்கு அவனுக்குச் சாஸ்திரப் பயிற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பழைய கண்ணாடி ஒன்று, தான் இடையில் இருப்பதை மறைக்கத் தெரியாமல் காட்டிக்கொடுத்துவிட்டது. கோயில் மண்டபத்தில் விளக்கை நோக்கி லென்ஸைத் திருப்பினால் படமெங்கும் வெளுத்த மூட்டம் படர்வதும், ஐந்தே தகடுகளால் ஆன துவாரத்தைக் கொண்ட மலிவான பிளாஸ்டிக் 50 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்துத் தெருவிளக்குகள் ஐங்கோணங்களாக விழுவதும் இந்த ரகத்து வாக்குமூலங்கள்தாம்.

சங்கரர் பெயராலும் பாரதீ தீர்த்தர் பெயராலும் வழங்கி வரும் 'திருக் திருசிய விவேகம்' என்ற சிறு நூல் இந்தப் பிரிப்பைத்தான் தன் முழுவேலையாகக் கொண்டிருக்கிறது. உருவம் காணப்படுவது, கண் காண்பது. கண்ணும் காணப்படுவதாகிவிடும்போது மனம் காண்பது. மனத்தின் விருத்திகளும் காணப்படுபவையே ஆகும்போது அவற்றைக் காண்கிற சாட்சி ஒன்று எஞ்சுகிறது, அதைக் காண்பதற்கு வேறொன்று இல்லை என்று அது படிப்படியாக ஏறிச் செல்லுகிறது. கண்ணும் காணப்படுவதுதான் என்பதற்கு அது காட்டும் ஆதாரத்தில் என் புத்தி வெகுநேரம் நின்றதுண்டு. கண்ணுக்குக் குருடு, மங்கல், கூர்மை என்ற தன்மைகள் உண்டு; அவை இன்னவை என்று மனத்துக்குத் தெரிகிறது; ஆகவே மனம் கண்ணுக்கு அப்பாற்பட்டது என்கிறது அது. குறையற்ற கண்ணொன்று இருந்து, அது ஒருநாளும் மங்காமலும் இருந்திருந்தால், அதைத் தன்னினின்று வேறாக அறிவதற்கு மனத்துக்கு ஏது சந்தர்ப்பம்?

இந்நூலைத் தமிழ் வசனத்தில் ஆக்கித் தந்தவர் ரமண மகரிஷி என்பதும், அவருடைய கடைசி நாட்களில், 1950-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்ரி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தார் என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. அவருடைய லைக்கா காமிரா மலிவான சரக்கன்று. ஆயினும் ஆயுளில் பெரும்பகுதியை ஒரே 50 மில்லிமீட்டர் குவிதூரத்தோடு கழித்தவர் அவர். லென்ஸை மாற்றி மாற்றி மாட்டும் சபலம் அவரை அதிகம் தீண்டியதாகத் தெரியவில்லை. காண்பவன் யார் என்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முன்னிலையில், காண்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் போய் நின்றார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒருவித வியப்பு உண்டாகிறது.

விலையுயர்ந்த புதிய லென்ஸுகளின் விஷயம் வேறு. அவை தாம் இருப்பதையே தெரியாமல் செய்துவிட வல்லவை. இக்காலத்துக் காமிராக்கள் பலவற்றில், லென்ஸ் நேர்க்கோட்டை வளைத்துக் காட்டினாலும், அந்த வளைவைக் காமிராவினுள் இருக்கும் கணக்குயந்திரம் நிமிர்த்தி, நிமிர்ந்த பிறகே நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கோபுரத்தின் விளிம்பு வளைந்தது எப்போது, நிமிர்ந்தது எப்போது என்பது படமெடுப்பவனுக்குத் தெரியவே தெரியாது. சௌகரியம் என்ற அளவில் இதற்கு ஈடில்லை. கல்யாண வீட்டில் படமெடுத்துப் பிழைப்பவருக்குச் சுழலும் மூட்டமும் எதற்கு? ஆனால் இடையில் ஒன்றுமே இல்லை, உலகம் அப்படியே வந்து விழுகிறது என்ற பிராந்தி இதனால் பலப்படுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "வாங்க வக்கில்லாதவனின் சமாதானமல்லவா இது? எட்டாத பழம் புளிக்கும் என்கிற கதைதானே?" என்று கேட்டால், கேட்பவர் வாயை எளிதில் அடைத்துவிட முடியாது. விஷயங்களை விட்டு விலகியவனுக்கும் அவற்றின் ருசி விலகுவதில்லை என்பதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் நன்றாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. பர்ஸ் காலியாக இருப்பதால் உண்டாகும் விலகல் வைராக்கியம் ஆகாது. விலைப்பட்டியலை இரவு பதினொரு மணிக்குப் புரட்டிக்கொண்டிருப்பவன், ஒன்றும் வாங்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் சந்நியாசியாகிவிடமாட்டான்.

லென்ஸைப் பற்றிய ஆசையை ஆராய்வதற்கு, லென்ஸைத் தம் கையாலேயே தேய்த்துப் பிழைத்த தத்துவஞானி ஒருவர் இருந்தார் என்பது விசேஷமான பொருத்தம். ஹாலந்து தேசத்து ஸ்பினோஸா தேய்த்த கண்ணாடிகளை வானசாஸ்திரி ஹைகன்ஸ் போன்றவர்களே மெச்சினார்கள். 1673-இல் ஹைடல்பர்க் சர்வகலாசாலை அழைத்தபோது, சிந்தனைச் சுதந்திரத்துக்குப் பங்கம் வரும் என்று மறுத்துவிட்டார். 1677-இல், நாற்பத்துநான்கு வயதில், நுரையீரல் நோயால் காலமானார். ஒரு பொருள் நல்லது என்று நாம் தீர்மானித்து அதனால் அதை விரும்புகிறோம் என்பது சரியன்று, விரும்புவதால்தான் அதை நல்லது என்று தீர்மானிக்கிறோம் என்பது அவருடைய 'எதிக்ஸ்' நூலின் மூன்றாம் பாகத்தில் வரும் கருத்து. லென்ஸ் வாங்கப் புறப்பட்ட எவரையும் பார்த்தால் இது விளங்கும். முதலில் ஆசை வருகிறது. கூர்மை, நிறம், எடை, மறுவிற்பனை மதிப்பு என்ற நியாயங்களெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. மேற்சொன்ன வேதாந்த நூலும், மனத்தில் எழுந்து சாட்சியால் அறியப்படுபவற்றை எண்ணும்போது காமத்தைத்தான் முதலில் எண்ணுகிறது. வேப்பிலையின் சுழல் கண்ணாடியைச் சேர்ந்தது என்று கண்டுகொண்டவன், அடுத்த லென்ஸின் மேல் எழும் ஆசை தன் மனத்தைச் சேர்ந்தது, லென்ஸின் குணத்தைச் சேர்ந்ததன்று என்றும் கண்டுகொள்ள முடியுமானால், அவன் ஒரு படி ஏறியவன்தான்.

நடைமுறையில் இந்தப் படி வழுக்குகிறது. மலிவுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு: விலையுயர்ந்ததை வாங்குகிறவன் ஒருமுறை தயங்குகிறான், மலிவானதை வாங்குகிறவன் ஒருமுறையும் தயங்குவதில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் அலமாரி நிறைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பழைய, திருகு மறையுள்ள, மலிவுச் சரக்குக்காரர்களே. பூஞ்சணம் படராதிருக்கக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு அவை உறங்குகின்றன. மழைக்காலத்தில் பொட்டலங்களை வறுத்து ஈரம் போக்குவது ஒரு நித்திய கர்மமாகவே ஆகிவிடுகிறது. இவர்கள்தாம் கருவியில் என்ன இருக்கிறது என்று மிகவும் உரக்கச் சொல்லுகிறவர்களும்.

சமணர்கள் இல்லறத்தாருக்கு விதித்த பரிக்கிரக பரிமாண விரதம் இந்த நிலைமையை நன்கு அறிந்து வகுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. துறவி அனைத்தையும் விடவேண்டும். இல்லறத்தானோ நிலம், வீடு, பொன், தானியம், தட்டுமுட்டுச் சாமான் ஆகியவற்றில் இவ்வளவு போதும் என்ற எல்லையைத் தானே முன்கூட்டி நிர்ணயித்துக்கொண்டு, அதை மீறாதிருக்கவேண்டும். வறுமை போட்ட எல்லைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், பணம் வந்த பிறகும் இது நிற்கவேண்டும் என்பதுதான். லென்ஸ் தட்டுமுட்டுச் சாமான் என்ற தலைப்பில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த விரதத்துக்கு நேரக்கூடிய மீறல்களை விவரித்த சமண ஆசிரியர்கள் மனித சுபாவத்தில் ஆழ்ந்த அநுபவம் உள்ளவர்கள்; நிலத்தின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்துக்கொண்டவன், பக்கத்து வயலையும் வாங்கி, நடுவேலியை எடுத்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்று கணக்குக் காட்டுவான் என்பதுவரை முன்னதாக எண்ணிப்பார்த்து, அதையும் குற்றமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே மாட்டுவதற்கு வெறும் உலோக வளையங்கள் சில நூறு ரூபாய்க்கு விற்கின்றன. அவற்றை மாட்டினால் ஹீலியாஸ் எறும்பின் தலையைக்கூட அருகில் சென்று படமெடுக்கும், அதாவது ஒரு லென்ஸ் இரண்டு லென்ஸின் வேலையைச் செய்யும். வளையத்துக்குள் கண்ணாடி இல்லையாதலால் அது லென்ஸ் கணக்கில் சேராது என்ற வாதம் என் நண்பர்கள் வட்டத்தில் இதுவரை தோற்றதில்லை.