அருகில் இருப்பவர் யார்?

ஒரு குழந்தை தன் முதல் சொல்லைத் தனியே கற்றுக்கொள்வதில்லை. தாயின் முகத்தைப் பார்த்து, அவள் உதட்டசைவைப் பின்பற்றி, தன் மழலை கேட்டு அவள் அடையும் மகிழ்ச்சியைக் கண்டு, அது பேசத் தொடங்குகிறது. பேச்சு நாவில் தொடங்குமுன்னரே உறவில் தொடங்கிவிடுகிறது. அப்படியானால், அருகில் இல்லாத ஒருவர் பேச்சைக் கற்பிக்க இயலுமா? குறைபட்ட பேச்சைச் சீராக்க இயலுமா?

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது இக்கேள்வி நம் வாசலுக்கே வந்து நின்றது. ஆலயங்களும் பள்ளிகளும் மூடப்பட்டன. பேச்சுப் பயிற்சிக் கூடங்களும் மூடப்பட்டன. உதட்டசைவைக் கண்டு பேச்சை அறியும் குழந்தைகளுக்கு முகக்கவசம் இன்னுமொரு சுவராயிற்று. பேச்சியல் வல்லுநர்கள் தம் பயிற்சிகளையும் கருத்தரங்குகளையும் இணையத் திரைக்கு மாற்றிக்கொண்டனர். மனிதர் பேசுவதற்குத் துணை நிற்போரே ஒரு கூரையின்கீழ் கூடிப் பேச இயலாமற் போயிற்று.

நம் நாட்டில் இத்துறை மிகப் பழையதன்று. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் வகுத்த 21 குறைபாடுகளுள் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் ஒன்றாக ஏற்றது. சட்டத்தின் ஏடுகளில் இடம் கிடைத்துவிட்டது. வல்லுநரின் கூடத்தில் இடம் கிடைப்பது வேறு செய்தி.

திக்கிப் பேசுவோரை எண்ணிப் பாருங்கள். குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் ஏதோ ஒரு பருவத்தில் திக்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வளர வளரத் தெளிந்துவிடுகின்றனர். வளர்ந்தவர்களிடையே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் அது தங்கிவிடுகிறது. அவர்களுள் பலர் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் செபிக்கும்போதும் திக்குவதில்லை. தனியே எழுந்து நின்று, எல்லாருடைய கண்களும் தம்மேல் பதிந்திருக்க, தம் பெயரைச் சொல்ல வேண்டிய வேளையிலேதான் நா தடைபடுகிறது. ஆக, அருகாமை எப்போதும் துணை செய்வதில்லை. பொறுமையற்ற அருகாமை சுமையாகவும் ஆகிவிடும்.

இதனாலேயே இணையம் இவர்களுக்கு முன்னரே ஒரு கதவாக இருந்தது. அக்டோபர் 22-ஆம் நாள் உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது 1998 முதற்கொண்டு. அவ்வாண்டிலேயே, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பேராசிரியை ஜூடி குஸ்டர் அந்நாளையொட்டி இணையத்தில் ஒரு மாநாட்டைத் தொடங்கினார். அதில் மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. வல்லுநரும் திக்கிப் பேசுவோரும் எழுத்தில் வினவினர், எழுத்திலேயே விடையளித்தனர். அங்கே யாரும் யாரையும் விரைவுபடுத்தவில்லை.

காணொளித் திரையில் நிலைமை வேறு. திக்குபவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டால், இணைப்பு அறுந்ததென்று கருதி மறுமுனையில் இருப்பவர், "கேட்கிறதா, கேட்கிறதா?" என்று குறுக்கிடுவார். கருவி புதியது, பொறுமையின்மை பழையது.

மலையடிவாரத்திலுள்ள நம் சேத்தூரிலிருந்து நோக்கினால் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. இராசபாளையத்து நூற்பாலைக்கு வேலைக்குச் செல்லும் ஒரு தாய், பேச்சு வராத மகனை வாரந்தோறும் மதுரைக்கு அழைத்துச் செல்வதென்றால், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். சில வாரங்களில் பயிற்சி நின்றுவிடும். நேரில் வந்தால்தான் பயிற்சி என்று உறுதியாக உரைப்போர், அந்தக் கூலியை யார் தருவது என்பதற்கும் விடை கூற வேண்டும்.

அதே வேளையில், கைப்பேசி போதும் என்போரும் விடை கூற வேண்டியவர்களே. நாவை எங்கே பதிக்க வேண்டுமென்று தொட்டுக் காட்ட வேண்டிய சிறுவனுக்கும், பக்கவாதத்திற்குப் பின் ஒரு வாய் நீரை விழுங்கவும் தடுமாறும் முதியவருக்கும் ஒருவர் அருகிருந்தாக வேண்டும். ஏழையருக்குத் திரை, செல்வருக்கு நேரடிக் கவனிப்பு என்றாகுமானால் அது வசதியின் பெயரால் நிகழும் அநீதி.

நற்செய்தியில் இவ்விரு வழிகளும் உள்ளன. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, திருத்தமாகப் பேச இயலாத ஒருவரை இயேசு கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்று, காதுகளில் விரலிட்டு, நாவைத் தொட்டுக் குணமாக்குகிறார். மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்திலோ, நூற்றுவர் தலைவரின் பணியாளர் வீட்டில் கிடக்க, இயேசு அவ்வீட்டிற்குச் செல்லாமலே நலம் தருகிறார். ஒன்று தொட்டு, மற்றொன்று தொலைவிலிருந்து. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்றுண்டு. முன்னவரைச் சிலர் அழைத்து வந்தனர். பின்னவருக்காக அவருடைய தலைவரே வந்து மன்றாடினார். நலம் தொலைவிலிருந்து வந்தபோதும், நோயுற்றவரின் அருகில் அக்கறை கொண்ட ஒருவர் இருந்தார்.

இணையவழிப் பயிற்சியிலும் நிகழ்வது இதுவே. திரைக்கு அப்பால் வல்லுநர் சொல்ல, இப்பால் தாய் செய்கிறாள். வல்லுநரின் கையாக அவள் கை மாறுகிறது. அப்படி ஒரு கை வீட்டில் இல்லையெனில், எத்தனை தெளிவான திரையும் வெறும் படமே. ஆலைக்குச் சென்று களைத்துத் திரும்பும் தாய்க்கு அந்த நேரத்தை யார் தருவது? அக்கம்பக்கத்தார், ஆசிரியர், பங்கு மக்கள் ஆகிய நமக்கன்றோ அந்தக் கடமை!

மாலையில் அரை மணி நேரம் அச்சிறுவனோடு அமர்ந்து பயிற்சியைத் திரும்பச் செய்விக்க நம் இளைஞர் ஒருவரால் இயலும். மறைக்கல்வி வகுப்பில் திக்கும் சிறுமியை முதலில் பிறரோடு சேர்ந்து வாசிக்கச் செய்து, அவள் விரும்பும் நாளில் தனியே வாசிக்க விடலாம். அவள் தடைபடும்போது அவளுடைய சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் காத்திருக்கலாம். இவற்றுக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. வல்லுநர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று கேட்கும் நாம், அடுத்த வீட்டில் இருக்கும் நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்வது நன்று.