கொடுத்தவர் மறக்கலாம், பெற்றவர் மறக்கலாகாது

தானமும் தொண்டும் செய்த ஊராரைப் பாராட்டி விழா எடுப்பதும் பொன்னாடை போர்த்துவதும் எங்கும் காணும் வழக்கம். அப்போது ஆன்மிக நாட்டமுள்ளோர் மனத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. கைம்மாறு கருதாமல் கொடுப்பதே சாத்விக தானம் என்பது பகவத்கீதை 17-ஆம் அத்தியாயத்தின் உபதேசம். அவ்வாறாயின், பாராட்டு அந்தத் தானத்தைக் கெடுத்துவிடாதா?

இதற்கு விடை, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தை அடுத்த தும்பா கடற்கரையில் கிடைக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், பாரதத்தின் முதல் ராக்கெட் ஏவுதளத்திற்கு விஞ்ஞானி விக்ரம் சாராபாய் இவ்விடத்தைத் தேர்ந்தார். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதே காரணம். ஆனால் அங்கு மீனவர்களின் வீடுகளும் மரிய மக்தலேனா தேவாலயமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தாமே முடிவு கூறாமல், ஞாயிறு வழிபாட்டிற்குக் கூடிய மக்களிடமே கேட்டார். அவர்கள் 'ஆமென்' என்று ஒருமித்துச் சம்மதித்தனர். வீடுகளை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். தேவாலயம் பொறியாளர்களின் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது.

தேவைக்குமேல் எஞ்சியதைக் கொடுப்பது எளிது. அம்மக்கள் கொடுத்ததோ குடியிருந்த வீட்டையும் தொழுத இடத்தையும். அங்கு இளம் பொறியாளராகப் பணியாற்றிய அப்துல் கலாம், பிற்காலத்தில் பல மேடைகளில் இதை நன்றியுடன் எடுத்துரைத்தார். கொடையைப் பற்றிப் பேச வேண்டியவர் பெற்றவரே.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. திருவனந்தபுரம் கடலோரம் உள்ளிட்ட பல பகுதிகளின் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு விரைந்தனர். ஏறத்தாழ 65,000 பேரை மீட்டனர். அம்மாத இறுதியில் மாநில அரசு திருவனந்தபுரத்தில் அவர்களுக்குப் பாராட்டு விழா நடத்தியது. முன்னதாக, படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாகவும், சேதமுற்ற படகுகளைச் சீர்செய்து தருவதாகவும் அது அறிவித்திருந்தது. கொச்சியைச் சேர்ந்த மீனவ இளைஞர் ஒருவர், உடன்பிறந்தாரைக் காத்ததற்குப் பணம் வேண்டா என்றார். படகுகளைச் சீர்செய்யும் அறிவிப்பை மட்டும் மகிழ்ந்து வரவேற்றார்.

அவர் சொல்லில் இருவருக்கும் பாடம் இருக்கிறது. தொண்டுக்கு விலை கேட்காதது செய்தவரின் தர்மம். தொண்டு செய்தவரின் படகு உடைந்து கிடக்கையில் பொன்னாடையோடு நின்றுவிடாதது பெற்றவரின் தர்மம். பாராட்டுவோர் தொகையை அளக்க வேண்டா. லட்சம் கொடுத்தவரோடு, அன்னதானத்தில் பாத்திரம் துலக்கியவரையும் ஒரே வரிசையில் அமர்த்தட்டும். பாராட்டப்படுபவரும் வீம்பாக மறுக்க வேண்டியதில்லை. அந்த மறுப்பிலும் அகங்காரம் ஒளிந்திருக்கக் கூடும். கிடைத்த மாலையை இறைவன் திருவடியில் வைத்துவிட்டு, மறுநாட் காலையில் வழக்கமான தொண்டிற்குச் செல்லட்டும். அவருடைய தானம் கெடாது.