எழுதியதும் ஊட்டியதும்

பதுளை மாவட்டத்துப் பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரமில்லாமல் நின்றால், "அது தலையெழுத்து" என்பார்கள். இல்லையென்றால் "எங்கள் பரம்பரையே கட்டைதான்" என்பார்கள். முன்னது சமயத்தின் பேரால் வருவது, பின்னது இரத்தத்தின் பேரால். பிறப்பில் எழுதியது எழுதியபடியே நடந்து தீரும் என்பதுதான் இரண்டுக்கும் அடியிலுள்ள நம்பிக்கை. அதற்கு உயிரியலிலும் இடமில்லை, சைவத்திலும் இடமில்லை.

முதலில் உயிரியல். நம் குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவை எடுத்துக்கொள்வோம். பாலிலுள்ள லக்டோசு என்ற சர்க்கரையை உடைக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு அதனிடம் எப்போதும் உண்டு. ஆனால் லக்டோசு கிடைக்காத வேளையில் ஓர் அடக்கிப் புரதம் டீ.என்.ஏ.யின்மேல் அமர்ந்து அந்த அலகை இயங்க விடாது. லக்டோசு வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு அப்புரதத்தோடு சேர, அது பிடியை விடுகிறது. நொதியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருகுகிறது. குளுக்கோசும் கூடவே இருந்தால் அதுதான் முதலில் செலவாகும். அது தீர்ந்து, வளர்ச்சி சற்று நின்று, பிறகே லக்டோசின் முறை. இந்த இடைநிறுத்தத்தைப் பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மொனோ 1941இல் பாரிசில் விவரித்தார். பரம்பரையலகை அடக்கியும் திறந்தும் விடும் பொறிமுறையை 1961இல் பிரான்சுவா ஜாக்கோப்புடன் சேர்ந்து விளக்கினார். 1965இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. பரம்பரையலகு இருப்பது மட்டும் போதாது, அதை இயக்கும் சூழலும் வாய்க்க வேண்டும் என்பது அன்றே உறுதியாயிற்று.

"அந்தத் தடையும் திறப்பும்கூட எழுதப்பட்டவைதானே?" என்று கேட்கலாம். ஆம்; பற்றீரியாவுக்குச் சுயவிருப்பம் உண்டென்று நான் வாதிடவில்லை. விளைவுக்கு எழுத்தும் வேண்டும், வெளியிலிருந்து வந்து சேரும் பொருளும் வேண்டும் என்பதே நான் சொல்வது. மனித உயரம் ஒரே அலகால் தீர்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்தியா, நோர்வே, கானா உட்பட ஆறு நாடுகளில் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த சிறு பிள்ளைகள் ஏறக்குறைய ஒரேபோல உயர்ந்ததைக் கண்டே உலக சுகாதார நிறுவனம் 2006இல் தன் வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரம் குன்றியோர் நாடளவில் சுமார் 17 வீதம், தோட்டங்களில் சுமார் 32 வீதம். இந்த வித்தியாசத்தைப் பரம்பரையின் தலையில் சுமத்துவது நியாயமல்ல.

கன்மத்தைக் காட்டுவோருக்குச் சைவ சித்தாந்தமே விடை தருகிறது. கன்மம் சடம், தானாக வந்து பயனை ஊட்டாது. முன்பே சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்கும் பிராரத்தம் என்பவற்றோடு ஆகாமியமும் உண்டு. அது இன்று நாம் செய்து சேர்ப்பது. பிள்ளையின் பசி அதன் பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நம் ஆகாமியம். பதுளைத் தோட்டக் கோயில்களில் சொற்பொழிவாற்றுவோரே, கொழுந்தெடுக்கும் தாயிடம் விதியைப் பேசாதீர்கள். அவள் கர்ப்பமாயிருந்தபோது என்ன சாப்பிட்டாள், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பாலும் முட்டையும் கிடைக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.