திரையும் தலையணையும்

மார்க்கம் உருவம் வரைவதைத் தடுப்பது அழகின் மீதுள்ள வெறுப்பினாலா? அன்று என ஹதீஸ் நூல்களே சான்று பகர்கின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்டிருந்த உருவத் திரையைக் கண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெறுப்புற்றார்கள். அன்னையார் அதனைக் கிழித்துத் தலையணைகளாக்கியபோதோ அவற்றின் மீது சாய்ந்துகொண்டார்கள். கிழிக்கையில் உருவம் சிதைந்தது என விளக்கும் உலமாக்களும் உளர். எவ்வாறாயினும், நிமிர்ந்து நோக்கிய துணி சாய்ந்து கிடக்கும் பொருளாயிற்று.

ஓவியத்தால் பிழைத்த ஒருவரை மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஆற்றுப்படுத்தினார்கள். கி.பி. 715 அளவில் நிறைவுற்ற திமிஷ்கு ஜாமிஉப் பள்ளியின் சுவர்களில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் பொன்னொளி வீசுகின்றன. மனித உருவம் ஒன்றேனும் இல்லை. அதே உமையாக்களின் குஸைர் அம்ரா குளியல் மாளிகையில் மனித உருவங்கள் மலிந்துள்ளன. மாளிகையில் எல்லை கடந்தோரும் பள்ளிவாசலில் அதனைப் பேணினர்.

புகைப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹஜ்ஜுக்குரிய கடவுச்சீட்டுப் படத்தை எவரும் வணங்கார். ஆனால், மறைந்த தந்தையின் படத்துக்கு மாலை சூட்டுகிறோமே, அங்கே அன்பு எங்கே முடிந்து வணக்கம் எங்கே தொடங்குகிறது? தந்தைக்கு வேண்டுவது மாலையன்று, நம் துஆ. உருவமைப்போனாகிய அல்முஸவ்விர் அல்லாஹ் ஒருவனே. நம் உள்ளச் சுவரில் எதனை மாட்டியுள்ளோம் என்பதையும் அவனே அறிவான்.